பிரட்டுக்களத்தில் விரிந்த வெள்ளைத்திரை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் விளம்பர நிகழ்ச்சிகளின் கதை என்றதும் ஈப்போவின் ஜூபிலி பார்க்தான் முதலில் நினைவுக்கு வரும். சினிமாக் கொட்டகை, மேடை, நடன அரங்கு, தின்பண்டக் கடைகள் எல்லாம் ஒரே வேலிக்குள். கையில் காசும் மாலையில் ஓய்வும் உள்ள நகரவாசிகள் அங்கே தாமாகவே வந்தார்கள். ஆனால் அந்த மாநிலத்தில் பெருந்தொகையான தமிழர் வாழ்ந்தது ரப்பர் தோட்டங்களில். விடியுமுன் பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, மரம் சீவி, பாலெடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துத் திரும்பும் குடும்பங்களுக்கு ஈப்போ எப்போதாவது போய்வரும் ஊர். அவர்களிடம் எதையாவது விற்கவோ சொல்லவோ விரும்பியவர் தோட்டத்துக்குள் வர வேண்டியிருந்தது. தோட்டத்திலோ தொழிலாளர் குடியிருந்த லயம், கோயில், பள்ளிக்கூடம், கள்ளுக்கடை, திடல் எல்லாமே கம்பெனி நிலத்தில் நின்றன. தோட்ட நிர்வாகியான துரை வேண்டாமென்றால் வெளியாள் அத்துமீறி நுழைந்தவன் ஆகிவிடுவான். நிகழ்ச்சிக்கு இடம் தேர்வது என்பது இங்கே முதலில் அதிகாரம் சார்ந்த விஷயம், வசதியெல்லாம் அதற்குப் பிறகுதான் என்று நான் கருதுவது இதனால்தான்.

இதற்கு வலுவான சான்று மலாயாவின் அவசரகாலம். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்திலும் அருகிலிருந்த இன்னொரு தோட்டத்திலும் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதையொட்டி அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் தோட்டங்களுக்குள் மிகப் பெரிய விளம்பரதாரராக இருந்தது அரசாங்கமே. அது விற்க வந்த சரக்கு, விசுவாசம். 1946-இல் தொடங்கிய மலாயாத் திரைப்படப் பிரிவு மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய மொழிகளில் படங்களைத் தந்தது. தகவல் இலாகா வேன்கள் படக்கருவியும் ஜெனரேட்டரும் ஒலிபெருக்கியும் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போயின. பின்னாளில் பி.பி.சி.யின் தலைமை இயக்குநரான ஹியூ கார்ல்டன் கிரீன் 1950-இல் இந்தப் பிரசாரத்தை நடத்த அனுப்பப்பட்டார். சரணடைந்த கம்யூனிஸ்டுப் போராளிகளையே பேச வைப்பதும் அப்போது கையாண்ட உத்திகளில் ஒன்று. பல இடங்களில் சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றுசேர்த்து முள்வேலி போட்டிருந்தார்கள், இரவில் ஊரடங்கு. படம் காட்ட இருட்டு வேண்டும், இருட்டில் கூட்டம் சேர்க்கத் தடை. அந்தத் தடையைத் தளர்த்தும் உரிமை தடை போட்டவரிடமே இருந்தது. போட்டிக்கு ஆளில்லாத மேடை அது. வேறு எந்த வியாபாரிக்கும் அப்படியொரு வாய்ப்பு கிடைத்ததில்லை.

இந்த வேன்கள் உலகப்போர்க் காலத்துப் பிரிட்டிஷ் பிரசார முறையின் தொடர்ச்சிதானே, இதில் தோட்டத்துக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். கருவியைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் கூட்டத்தை உண்டாக்கியது கருவி மட்டுமல்ல. தோட்டத்து மாரியம்மன் திருவிழா அந்த மக்களை இரவில் பாய் விரித்துக் குடும்பத்தோடு உட்கார்ந்து கூத்தும் நாடகமும் பார்க்க முன்பே பழக்கியிருந்தது. சம்பள நாளில் துணி மூட்டையோடு வந்த வியாபாரிகள், எந்தத் தேதியில் எந்த இடத்தில் ஆள் கூடும் என்பதை அரசுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். அரசாங்கம் வந்து உட்கார்ந்தது ஏற்கெனவே போட்டிருந்த பாயில். இலவசப் படத்துக்காக வந்து தொழிலாளர்கள் ஏமாந்துபோனார்கள் என்ற வாதத்தையும் நான் ஏற்கவில்லை. திடல் நிறைந்தது என்பதற்குக் கணக்கு இருக்கலாம். திரையில் சொன்னதை நம்பினார்கள் என்பதற்கு அது சாட்சி ஆகாது. அவசரகாலம் நடந்துகொண்டிருந்தபோதே, 1954-இல், தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. தமக்கு எது வேண்டும் என்று தெரிந்த மக்கள்தான் அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள்.

கேளிக்கை இல்லாமலே கூட்டம் சேர்ந்த ஓர் இயக்கமும் உண்டு. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கியபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பங்கு வாங்கச் சொன்னார். அன்றாடக் கூலியில் வாழ்கிறவரிடம் பங்கு விற்பதைவிடக் கடினமான விற்பனை இல்லை. அவரிடம் இருந்தவை தமிழ்ப் பேச்சும், வேலையும் வீடும் ஒரே நாளில் போய்விடும் என்று எல்லாரும் அறிந்த ஆபத்தும். 1961-இல் சங்கம் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது. சொல்லப்படும் விஷயம் கேட்பவருடைய சொந்த விஷயமாக இருந்தால் திரையும் பாட்டும் இல்லாமலே அது போய்ச் சேரும். அப்படியானால் இட அதிகாரம் பற்றிய என் வாதம் இங்கே உடைகிறதா? இல்லை. அவர் கூட்டரசு அமைச்சர், மலாயா இந்தியர் காங்கிரஸின் (ம.இ.கா.) தலைவர். சாதாரண ஊழியர் ஒருவருக்கு மூடியிருக்கக்கூடிய தோட்டத்து வாசல் அவருக்குத் திறந்தது.

பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தார்கள். இன்று தமிழரைத் தேடும் நிறுவனங்கள் ஈப்போவின் தீபாவளிச் சந்தைக்கும் கல்லுமலைத் தைப்பூசத்துக்கும் போகின்றன. அனுமதிக் கடிதம் துரையிடமிருந்து வருவதில்லை. மாநகராட்சியிடமோ கோயில் நிர்வாகத்திடமோ பேரங்காடி அலுவலகத்திடமோ கேட்க வேண்டும். மலாயாத் திரைப்படப் பிரிவின் வாரிசாக ஃபிலிம் நெகாரா இருந்ததால் அரசு எடுத்த படங்களைத் தேடவாவது ஓர் இடம் உண்டு. தோட்ட ஆபீஸ்களின் கடிதக் கோப்புகளுக்கு அப்படியொரு வாரிசு இல்லை. எந்தக் கூட்டத்துக்குத் திடல் கொடுத்தார்கள், எதற்கு மறுத்தார்கள் என்பது அவற்றில்தான் இருக்கும். அந்த ஆபீஸ் கட்டடங்களை இடிக்குமுன் கோப்புகளைச் சேகரிக்க வேண்டும்.