வர்ணத்தின் பெயர் கொண்டவர்

ருஷ்ய மொழியில் 'த்ஸ்வெத்' என்றால் வர்ணம் என்று பொருள். வர்ணங்களைப் பிரித்துக் காட்டும் வித்தையைக் கண்டுபிடித்த விஞ்ஞானியின் பெயரும் மிக்கேல் த்ஸ்வெத்தான். என் நாவலில் ஒரு பாத்திரத்துக்கு இப்படிப் பெயர் சூட்டினால், செயற்கை என்பீர்கள். சரித்திரத்துக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது.

1872-ல் இத்தாலியில் பிறந்தவர். தந்தை ருஷ்யர், தாய் இத்தாலிய மாது. கைக்குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தார். ஜெனீவாவில் தாவர சாஸ்திரம் படித்து டாக்டர் பட்டமும் பெற்றார். ருஷ்யாவுக்கு வந்தாரோ இல்லையோ, அந்தப் பட்டம் இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். மனிதர் சளைக்காமல் மறுபடியும் பரீட்சை எழுதினார், மறுபடியும் பட்டம் வாங்கினார்.

1903 மார்ச் 21-ந் தேதி, அப்போது ருஷ்ய ஆட்சியில் இருந்த வார்ஸா நகரில், இயற்கை ஆராய்ச்சியாளர் சங்கத்தின் கூட்டத்தில் தம் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசினார். விஷயம் எளியது. கண்ணாடிக் குழாயில் சாக்குத் தூளை இறுக அடைக்க வேண்டும். இலையின் சாயத்தைத் திராவகத்தில் கரைத்து மேலே ஊற்றி, பிறகு சுத்தமான திராவகத்தை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தூளின்மேல் பற்று மிகுந்த பொருள் மேலேயே தங்கிவிடும். பற்றில்லாதது கீழே இறங்கிவிடும். நாம் பச்சை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவது, நீலப் பச்சை, மஞ்சட் பச்சை, மஞ்சள் என்று வளையம் வளையமாகப் பிரிந்து நிற்கும். 1906-ல் இதற்குக் 'குரோமடோகிராபி' என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் வர்ண எழுத்து என்று அர்த்தம். தம் பெயரையும் அதற்குள் ஒளித்து வைத்தாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அவர் எழுதியதோ தாவர சாஸ்திரப் பத்திரிகையில். ரசாயன நிபுணர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. இலை நிறங்களை ஆராய்ந்து 1915-ல் நோபல் பரிசு பெற்ற வில்ஸ்டேட்டருக்கும் இந்த முறையில் நம்பிக்கை ஏற்படவில்லை. அதே வருஷம் ஜெர்மானியர் வார்ஸாவைப் பிடித்தார்கள். த்ஸ்வெத் ஊர் ஊராக அலைந்து, 1919-ல் வரோனிஷ் நகரில் காலமானார். வயது 47.

பன்னிரண்டு வருஷம் கழித்து, 1931-ல், ஹைடல்பர்க்கில் அந்தச் சாக்குக் குழாய்க்கு மீண்டும் உயிர் வந்தது. உயிர் கொடுத்த ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவர் ரிச்சர்ட் கூன், வில்ஸ்டேட்டரின் மாணவர்! 1941-ல் மார்ட்டினும் சிஞ்சும் இங்கிலாந்தில் இதில் ஒரு புதிய வகையை உண்டாக்கி, 1952-ல் நோபல் பரிசு பெற்றார்கள். இன்று காய்கறியில் பூச்சிமருந்து இருக்கிறதா, ஓட்டப்பந்தயக்காரர் ஊக்கமருந்து சாப்பிட்டாரா என்றெல்லாம் கண்டுபிடிப்பது இந்த வித்தையின் வாரிசுகள்தாம். நிறமே இல்லாத பொருளையும் பிரித்துவிடுகிறார்கள்.

இதில் என்னை உறுத்துவது ஒன்றுதான். த்ஸ்வெத் சொன்னதைச் சோதிக்கப் பெரிய யந்திரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு குழாய், கொஞ்சம் சாக்குத் தூள், நாலு கீரை இலை, அவ்வளவுதான். ஆனாலும் சொன்னவர் ரசாயனக்காரரா, தாவரக்காரரா என்று பார்த்த கண்கள், குழாயில் தெரிந்த நிறங்களை நின்று பார்க்கவில்லை. அதைப் பார்க்க உலகம் எடுத்துக்கொண்ட காலம் இருபத்தெட்டு வருஷம். அதுவரை அவர் உயிரோடு இருக்கவில்லை.