ஒழுங்கும் படைத்தோனும்

கடியாரத்தைக் கண்டோர் அதனைச் செய்தவன் ஒருவன் உளன் எனத் தெளிவர். நுட்பமிக்க கண்ணும் அங்ஙனமே படைத்தோனைக் காட்டும் என 1802-இல் ஆங்கிலப் பாதிரியார் வில்லியம் பேலி வாதித்தார்.

1854-இல் சிங்கப்பூரில் வந்திறங்கிப் புக்கிட் தீமாக் காட்டில் வண்டுகளைத் திரட்டிய ஆல்பிரட் வாலேஸ் வேறு விடை கண்டார். ஓரினத்து உயிர்கள் தம்முள் சிறிது வேறுபடுகின்றன. சூழலுக்குப் பொருந்தியவை பிழைத்துப் பெருகுகின்றன. 1858-இல் இதனை எழுதி அவர் டார்வினுக்கு அனுப்ப, இருவர் எழுத்தும் ஒருங்கே லண்டனில் படிக்கப்பெற்றன. இம்மாறுதல்கள் தலைமுறைதோறும் திரண்டு கண்ணையும் ஆக்கக்கூடும் என டார்வின் 1859-இல் விளக்கினார். கடியாரத்துக்கோ பிறப்புமில்லை, பிழைப்புப் போராட்டமுமில்லை.

ஆயினும் 1869-இல், மனித மூளைக்கு மட்டும் மேலான அறிவொன்றின் துணை வேண்டுமென வாலேஸே உரைத்தார். நண்பரென்றும் பாராது டார்வின் மறுத்தார். ஒழுங்கைக் கண்டு வியத்தல் நம் இயல்பு. அதன் காரணத்தைத் துணியுங்கால் நாமும் ஆளைப் பாராது சான்றையே பார்ப்போமாக.