தீர்க்கதரிசிகளின் மொழியும் திருவிருந்தும்: யூத, கிறித்தவச் சடங்கு விருந்துகளின் உறவு

ஆய்வுச் சுருக்கம்

கிறித்தவத் திருவிருந்து யூதப் பஸ்கா விருந்திலிருந்து நேரடியாகப் பிறந்தது என்னும் கருத்து பரவலாக வழங்குகிறது. இன்று அறியப்படும் பஸ்கா இரவு ஒழுங்கு கி.பி. 70க்குப் பின்னரே முழுவடிவம் பெற்றதால் இக்கருத்து மறுபரிசீலனைக்குரியது. இரு விருந்துகளுக்கும் இடையிலான உறவைச் சடங்கின் வரிசைமுறையில் தேடுவதைவிட, எபிரேயத் தீர்க்கதரிசிகளின் மொழியில் தேடுவதே பொருத்தமானது என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: பஸ்கா, திருவிருந்து, தீர்க்கதரிசிகள், உடன்படிக்கை, மிஷ்னா, திதாகே.

முன்னுரை

கத்தோலிக்கர் 'நற்கருணை' என்றும் சீர்திருத்தச் சபையினர் 'திருவிருந்து' என்றும் தமிழில் வழங்கும் சடங்கு, இயேசு சீடரோடு உண்ட இறுதி உணவை நினைவுகூர்வது. மத்தேயு, மாற்கு, லூக்கா நற்செய்திகள் அவ்வுணவைப் பஸ்கா விருந்தாகக் காட்டுகின்றன. யோவான் நற்செய்தியோ பஸ்காவின் ஆயத்த நாளிலேயே இயேசு இறந்ததாகக் கூறுகிறது. 1935இல் யோவாக்கிம் ஜெரமியாஸ் முதல் மரபை வலுவாக ஆதரித்தார். பஸ்கா இரவு ஒழுங்கு ஆலய இழப்புக்கு எதிர்வினையாக உருவானது என 1984இல் பாரூக் பாக்ஸர் காட்டியபின் விவாதத்தின் திசை மாறியது.

பலியும் இல்ல விருந்தும்

எருசலேம் ஆலயம் இருந்தவரை பஸ்காவின் மையம் ஆட்டுக்குட்டிப் பலியே. ஆலயத்தில் பலியிட்ட இறைச்சியை மக்கள் குழுக்களாகக் கூடி உண்டனர். கி.பி. 70இல் உரோமர் ஆலயத்தை அழித்ததோடு பலி நின்றது. ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னாவின் பெசாகிம் பகுதி, 10ஆம் அதிகாரத்தில், நான்கு கிண்ணத் திராட்சைரசம், மகன் தந்தையிடம் கேட்கும் கேள்விகள், பலி, புளிப்பில்லா அப்பம், கசப்புக்கீரை ஆகிய மூன்றின் விளக்கம் என்று இல்ல விருந்தை ஒழுங்குபடுத்துகிறது.

எழுத்து பிந்தியது என்பதனால் வழக்கம் முழுவதும் பிந்தியது எனக் கொள்ள இயலாது. அப்பமும் கீரையும் யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்திலேயே உள்ளன. எனினும் திருவிருந்தைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றான பவுலின் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம், கி.பி. 50களின் நடுப்பகுதியைச் சார்ந்தது. அது மிஷ்னாவுக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு முந்தியது. ஆகவே பிந்திய ஒழுங்கை முந்திய சடங்குக்கு மூலமாகக் கொள்வது காலமுரணாகும்.

தீர்க்கதரிசிகள் கண்ட விருந்து

விருந்தைப் பற்றித் தீர்க்கதரிசிகளிடம் இரு குரல்கள் ஒலிக்கின்றன. ஒன்று கண்டனம். கி.மு. 8ஆம் நூற்றாண்டின் ஆமோஸ், தந்தக் கட்டில்களில் சாய்ந்து ஆட்டுக்குட்டிகளை உண்டு கிண்ணங்களில் மது அருந்துவோரைச் சாடுகிறார். நீதி பெருக்கெடுத்து ஓடாத இடத்தில் பண்டிகைகளை இறைவன் வெறுக்கிறார் என்கிறார். மற்றொன்று எதிர்பார்ப்பு. ஏசாயா 25ஆம் அதிகாரம், எல்லா இனத்தாருக்கும் மலைமீது இறைவன் அளிக்கும் விருந்தையும் சாவின் அழிவையும் ஒருங்கே காண்கிறது. எரேமியா 31ஆம் அதிகாரம் உள்ளத்தில் எழுதப்படும் புதிய உடன்படிக்கையை அறிவிக்கிறது.

கொரிந்துவும் திதாகேயும்

மாற்கு நற்செய்தியின் 'உடன்படிக்கையின் இரத்தம்' யாத்திராகமம் 24ஆம் அதிகாரத்தின் சீனாய் உடன்படிக்கையை நினைவூட்டுகிறது. பவுலும் லூக்காவும் 'புதிய' என்னும் அடையைச் சேர்க்கையில் எரேமியாவின் குரலும் இணைகிறது. கொரிந்துவில் சிலர் முந்தி உண்டு வெறிகொள்ள, வறியோர் பசித்திருந்தனர். அத்தகைய உணவு ஆண்டவரின் விருந்தே அன்று எனப் பவுல் மறுக்கிறார். சடங்கின் செல்லுபடி நீதியைப் பொறுத்தது என்னும் ஆமோஸின் அளவுகோலே இங்கும் செயற்படுகிறது.

1873இல் கான்ஸ்டாண்டிநோபிளில் பிலோதெயோஸ் பிரையெனியோஸ் கண்டெடுத்த திதாகே இன்னொரு சான்று. அதன் விருந்து மன்றாட்டுகளில் கிண்ணம் முன்னும் அப்பம் பின்னும் வருகின்றன. இறுதி உணவோ சிலுவைச் சாவோ குறிப்பிடப்படவில்லை. உணவுக்குப் பிந்திய மன்றாட்டு, யூதர் உணவுக்குப்பின் கூறும் நன்றி மன்றாட்டோடு நெருங்கிய அமைப்புடையது. 14ஆம் அதிகாரம், பிணக்குடையோர் ஒப்புரவாகாமல் விருந்தில் சேரலாகாது என விதித்து, எல்லா இடங்களிலும் தூய பலி செலுத்தப்படும் என்னும் மல்கியாவின் வாக்கைச் சான்றாகக் காட்டுகிறது.

இதே மல்கியா வாக்கு, 2ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யுஸ்தீன் எழுதிய திரிப்போவுடனான உரையாடலில் வேறு பயன் பெறுகிறது. யூதப் பலிகள் தள்ளப்பட்டன, பிற இனத்தாரின் நற்கருணை ஏற்கப்பட்டது என்பதற்கு அது ஆதாரமாக்கப்படுகிறது. தன் மக்களைத் திருத்துவதற்காக ஒரு தீர்க்கதரிசி உள்ளிருந்து எழுப்பிய கண்டனம், அம்மக்களுக்கு எதிராக வெளியிலிருந்து வீசப்படும் ஆயுதமாக மாறியது இங்கேதான்.

முடிவுரை

பஸ்கா இரவு ஒழுங்கையும் திருவிருந்தையும் தாயும் சேயுமாகக் காண்பதைவிட, ஒரே மறைநூல் மரபில் வளர்ந்த உடன்பிறப்புகளாகக் காண்பதே சான்றுகளுக்கு இசைவானது. தாய்–சேய் உருவகம், பழையது முடிந்து புதியது அதன் இடத்தைப் பிடித்தது என்னும் சமயத் தீர்ப்பை வரலாற்று ஆய்வுக்குள் அறியாமலே கொண்டுவந்துவிடும். திதாகே மல்கியாவைத் தன் சபையாரை நோக்கி வாசித்தது. யுஸ்தீன் பிறரை நோக்கி வாசித்தார். சடங்கு விருந்துகளை ஒப்பிடும் ஆய்வாளர், மேற்கோள் எங்கிருந்து வந்தது என்பதோடு அது யாரை நோக்கித் திருப்பப்பட்டது என்பதையும் கேட்டாக வேண்டும்.