உக்கிராணமும் கைப்பிடி அரிசியும்

உக்கிராணம் என்பது பண்டசாலை. கோயிலிலும் அரண்மனையிலும் கல்யாண வீட்டிலும் அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் காப்பில் இருக்கும் அறைக்கு அந்தப் பெயர். அதற்குப் பொறுப்பானவர் உக்கிராணக்காரர். லூக்கா 16ஆம் அதிகாரத்து உவமையிலும், கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்திலும் பழைய தமிழ் வேதாகமம் இந்தச் சொல்லையே ஆள்கிறது. 'பொறுப்பாளர்' என்று இதை எளிமையாக்கும்போது பொருள் விளங்குகிறது. பண்டசாலையின் வாசனை போய்விடுகிறது. உக்கிராணக்காரர் இடுப்பில் சாவி இருக்கும், உள்ளே இருக்கும் பண்டம் அவருடையதன்று. அளந்து கொடுப்பதும் கணக்கு ஒப்பிப்பதும் அவர் வேலை. பந்தியில் உண்டவர்கள் வாழ்த்துவது வீட்டுக்காரரை. திருச்சபையில் நன்றி என்பதற்கு உள்ள தனிப்பொருள் இந்த ஏற்பாட்டிலிருந்தே பிறக்கிறது.

எருசலேமில் வறுமைப்பட்ட விசுவாசிகளுக்காகப் பவுல் திரட்டிய தர்மசகாயம் இதற்கு முதல் எடுத்துக்காட்டு. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 8, 9ஆம் அதிகாரங்கள் இதைப் பற்றியவை. தாங்களே தரித்திரத்தில் இருந்த மக்கெதோனியா சபையார் கேட்டுக்கொண்டு பங்கெடுத்தார்கள். அந்தப் பணம் பெற்றவர்களின் குறையை நீக்குவதோடு நிற்காமல், கடவுளுக்கு ஏறெடுக்கும் ஸ்தோத்திரமாகப் பெருகும் என்பது பவுலின் கணக்கு. ஆனால் கைகொடுத்த மனிதரை அவர் மறந்துவிடவில்லை. ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரம் ஏறக்குறைய முழுவதும் பெயர்கள்தாம். கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியான பெபேயாள் முதலில் வருகிறார். பிரயாசப்பட்டவர்கள் என்று அந்த அதிகாரம் குறிக்கும் நால்வருமே பெண்கள் என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

தமிழ்நாட்டில் இந்தக் கூட்டுப்பொறுப்பு மிக ஆழமாக வேர்விட்ட இடங்களுள் திருநெல்வேலிச் சீமை ஒன்று. அங்கே சபை என்பது பல ஊர்களில் ஊரோடு சேர்ந்தே எழுந்தது. 1799இல் தோன்றிய முதலூர், பெயருக்கேற்ப இத்தகைய கிறிஸ்தவக் குடியிருப்புகளில் முதலாவது. புதிதாகச் சபையில் சேர்ந்து இருக்க இடமில்லாமல் தவித்தவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியேற்ற, மிஷனெரி ரேனியஸ் ஐயர் காலத்தில் 1830இல் தர்ம சங்கம் உருவானது. விசுவாசிகளின் சந்தாவும் நன்கொடையும் மனையாகவும் கிணறாகவும் மாறின. சபை தன்னைத் தானே தாங்கவும், ஆளவும், பரப்பவும் வேண்டும் என்ற, சர்ச் மிஷனெரி சங்கச் செயலர் ஹென்றி வென்னின் கொள்கை பிற்பாடு இங்கே வந்தபோது, நிலம் ஏற்கெனவே பண்பட்டிருந்தது.

பெறும் கை கொடுக்கும் கையாக மாறிய ஆண்டு 1903. அவ்வாண்டு பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம், இந்தியர் பணத்தில், இந்தியர் நிர்வாகத்தில், இந்திய ஊழியர்களையே அனுப்புவது என்று தீர்மானித்தது. அவர்கள் தேர்ந்த களம் நிஜாம் ஆட்சிக்குட்பட்டிருந்த தோர்ணக்கல் பகுதி. சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரான வெள்ளாளன்விளை வே. ச. அசரியா தாமே அங்கே ஊழியத்துக்குச் சென்றார். 1912இல் தோர்ணக்கலின் பேராயராகவும் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுவே முதல் முறை. கிறிஸ்தவக் கொடுத்தலைப் பற்றித் தனி நூலே எழுதிய அவர், ஏழைகளான கிராம சபையாரிடமும் காணிக்கையை எதிர்பார்த்தார். கொடுக்கும் உரிமையை ஏழைக்கு மறுக்காதது அவர் ஊழியத்தின் பெரிய சிறப்பு.

இத்தகைய ஊழியத்துக்கு அடித்தளமாக நின்ற காணிக்கைகளுள் கைப்பிடி அரிசி முக்கியமானது. உலை கொதிக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக்கலயத்தில் போட்டுவைப்பார் வீட்டுப் பெண். சேர்ந்த அரிசி ஆலயத்துக்குப் போகும். அந்தப் பிடி மிச்சத்திலிருந்து வருவதன்று. சமைப்பதற்கு முன்பே எடுக்கப்படுகிறது. பஞ்சத்திலும் ஒரு பிடி எடுக்க முடியும் என்பதால் எந்த வீடும் இதற்கு விலக்காக வேண்டியதில்லை. மிசோரத்திலும் 1910 முதல் பெண்கள் இதே வழக்கத்தைக் கைக்கொண்டு, சபை ஊழியத்துக்குப் பெரும் வருவாய் ஈட்டித் தந்திருக்கிறார்கள்.

அறுப்பின் பண்டிகையில் அதே மனம் ஊரறிய வெளிப்படுகிறது. வாழைத்தார், தேங்காய், கருப்பட்டி, முட்டை, சேவல் என்று முதற்பலன்கள் பீடத்தின் முன் வந்து குவியும். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒரு பூசணிக்காய் சந்தை விலையைப் போலப் பல மடங்குக்குப் போவதுண்டு. ஏலம் எடுத்தவரே அதைத் திரும்பக் கொடுக்க, மறுபடியும் ஏலம் விடுவதும் உண்டு. அசனம் என்னும் சபை விருந்தில் வேலைதான் காணிக்கை. காய் நறுக்குவோர், அடுப்படியில் இரவெல்லாம் நிற்போர், இலை போடுவோர், வாளி தூக்குவோர் என ஊரே வேலையைப் பகிர்ந்துகொள்கிறது. வசதியுள்ளவரும் இல்லாதவரும் ஒரே பந்தியில் உட்காருகிறார்கள்.

அன்றாடப் பரிபாலனம் இத்தனை ஆரவாரம் இல்லாதது. பல சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம். அதற்குச் சேகர குருவானவர் தலைவர். சேகரக் கமிட்டி வரவு செலவைப் பார்க்கிறது. பொருளாளர் கணக்கைத் தணிக்கைக்கு வைக்கிறார். ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர், பாடகர் குழு, பெண்கள் ஐக்கிய சங்கம், மணியடித்து ஆலயத்தைப் பெருக்கும் கோயில்பிள்ளை ஆகியோரும் உக்கிராணக்காரர்களே. இவர்களில் கணக்குக் கேட்கப்படாதவர் எவரும் இருக்கக்கூடாது. ஒளிவில்லாத கணக்குதான் கொடுத்தவருக்குச் சபை செலுத்தும் முதல் நன்றி; பொன்னாடை அதற்குப் பிறகு.

சிறப்பு மலர்களில் மணிக்கூண்டுக்கும் மதிலுக்கும் கொடுத்தவர்களின் பெயர்கள் இடம்பெறுவது முறையே. பிடி அரிசி எடுத்துவைத்த பெண்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் ஏறுவதில்லை. எத்தனையோ வீட்டு அடுப்படிகளில் ஓராண்டு முழுவதும் சேர்ந்தது, சேகரத்தின் ஆண்டுக் கணக்கில் அரிசி விற்ற வரவு என்ற ஒரே வரியாக நிற்கிறது.