ஆடிக் காற்றும் வருமான வரியும்

முப்பந்தல் காற்றாலைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் காற்றில் தொடங்குவார்கள். கோவை நூற்பாலை ஒன்றில் கணக்கெழுதியே தலை நரைத்தவன் நான். எனக்கு அந்தக் கதை செப்டம்பர் மாதக் கடைசியில்தான் தொடங்குகிறது. அதற்குள் காற்றாடி ஓடத் தொடங்கிவிட்டால் அந்த வருஷத் தேய்மானம் முழுதாகக் கிடைக்கும். தாண்டினால் பாதிதான். தொண்ணூறுகளில் அந்தத் தேய்மானம் 100 சதவீதம். மெஷினுக்குக் கொடுத்த விலை மொத்தத்தையும் முதல் வருஷ லாபத்திலேயே கழித்துக்கொள்ளலாம். அதனால் செப்டம்பர் பிறந்தால் முப்பந்தலை அடுத்த ஆரல்வாய்மொழிப் பக்கம் கிரேன் கிடைப்பது குதிரைக்கொம்பு. எங்கள் போர்டு மீட்டிங்கில் சுற்றுச்சூழல் என்று யாரும் வாய் திறந்து அந்த நாளில் நான் கேட்டதில்லை. ஆடிட்டர் சொன்னார், முதலாளி கையெழுத்துப் போட்டார்.

ஆலைகள் காற்றாடி வாங்கியதற்கு வரி மட்டும்தான் காரணம் என்றால் அதுவும் பொய். 1932-ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கி, மலிவு மின்சாரம் கீழே இறங்கி வந்த பிறகுதான் கோவையில் ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. அப்புறம் மேட்டூர், பாபநாசம், குந்தா. எல்லாம் தண்ணீரை நம்பிய பிழைப்பு. மழை பொய்த்த வருஷம் ஷிப்டும் குறையும். நெய்வேலி 1962-லும், எண்ணூர் 1970-லும், தூத்துக்குடி 1979-லும் அனல்மின்சாரம் கொடுக்கத் தொடங்கின. ஆனாலும் பவர்கட் தீரவில்லை. கரண்ட் போய்த் திரும்பி வந்தால், ஸ்பின்னிங்கில் அறுந்து கிடக்கும் இழைகளை ஒட்டியெடுப்பதற்குள் பெண்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

1986-ல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் அரசு சோதனைக்காகக் காற்றாலைகளை நிறுத்தியது. பிறகு கயத்தாறு, முப்பந்தல். ஓடுகிறது என்று தெரிந்ததும் ஆலைக்காரர்கள் தெற்கே வண்டியேறினார்கள். மானாவாரிக் காடும் பனங்காடுமாகக் கிடந்த நிலம் கைமாறியது. விற்றவரே பல இடங்களில் அதே நிலத்துக்கு வாட்ச்மேனானார். இதை எந்த ஆண்டறிக்கையிலும் எழுதியதில்லை.

ஆலைக்காரர்களை இழுத்த இன்னொரு விஷயம் பேங்கிங். வைகாசியில் பிடிக்கும் தென்மேற்குக் காற்று புரட்டாசி வரை அடிக்கும். ஆலையோ வருஷம் முழுக்க ஓட வேண்டும். முப்பந்தலில் விளைந்த யூனிட் மின்வாரியத்தின் கம்பி வழியாகவே கோவை ஆலையின் கணக்குக்கு வரும். செலவானது போக மிச்சத்தை வாரியத்திடமே இருப்பு வைத்து, மார்ச் 31-க்குள் எடுத்துக்கொள்ள முடிந்தது. ஆடியில் சேர்த்ததை மார்கழியில் தின்போம். மாதக் கடைசியில் வாரிய ஊழியரும் எங்கள் சைட் ஆளும் சேர்ந்து மீட்டர் பார்த்துக் கையெழுத்திட்ட தாள் பஸ் பார்சலில் வரும். கியர் ஆயில் கறை படிந்த அந்தத் தாளை வைத்துத்தான் யூனிட் யூனிட்டாகக் கழிப்பேன்.

2008-க்குப் பிறகு மின்வெட்டு கழுத்தைப் பிடித்தபோது, காற்றாடி வைத்திருந்த ஆலைகள்தான் ஓரளவு தாக்குப்பிடித்தன. அதிலும் ஒரு கொடுமை: காற்று உச்சத்தில் அடிக்கும் நாளில் மெஷினை நிறுத்தச் சொல்லி உத்தரவு வரும், கம்பி தாங்காது என்று. மிஞ்சியதை வடக்கே அனுப்பலாம் என்றால் தென்னக மின்தொகுப்பு தேசியத் தொகுப்போடு முழுதாக இணைந்ததே 2013 டிசம்பர் 31-ல்தான். இதற்கு நடுவே 2012-ல் மத்திய அரசு காற்றாலைக்கான துரிதத் தேய்மானச் சலுகையை எடுத்தது. புதிய மெஷின் வியாபாரம் படுத்துவிட்டது. 2014-ல் சலுகை திரும்பியது, வியாபாரமும் எழுந்தது. என் பேச்சை நம்பாதவர்கள் அந்த இரண்டு வருஷக் கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. முதலிடத்தைக் குஜராத் பிடித்துக்கொண்டது. நல்ல காற்றடிக்கும் இடங்களில் அந்தக் காலத்து 225 கிலோவாட் மெஷின்கள் இன்னும் நிற்கின்றன. புதிதாக வரும் ஒரு 3 மெகாவாட் மெஷின் அப்படிப் பதின்மூன்றுக்குச் சமம். பழையதைக் கழற்றிப் புதியதை நிறுத்தச் சொல்லி 2024-ல் மாநில அரசு கொள்கையே வெளியிட்டிருக்கிறது. எங்கள் முதலாளியின் மகனிடம் கேட்டேன். "கடனில்லாத மெஷினை எதுக்குங்ணா கழட்டோணும்?" என்றார். அவருக்குப் பதில் சொல்ல வேண்டியது ஆடிட்டர்தான்.