இலஞ்ஞியும் எலெங்கியும்: மரமறியும் முறை

பெயரறியா மரத்தை இன்னதெனத் துணிதற்கு உருவமும் ஊர்வழக்குப் பெயரும் ஒருங்கே வேண்டும். டச்சுக் கும்பினியின் மலபார் ஆளுநராயிருந்த வான் ரீடு, இட்டி அச்சுதன் முதலிய நாட்டு மருத்துவரிடம் கேட்டறிந்த பெயர்களைப் படங்களுடன் தொகுத்தார். ‘ஆர்த்தசு மலபாரிக்கசு’ என்னும் அந்நூல் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்சுடர்டாமில் வெளிவந்தது. இந்திய நாட்டைக் கண்டறியாத இலின்னேயசு 1753-இல் அதனை மேற்கோளாகக் கொண்டார். மலையாளத்தார் ‘இலஞ்ஞி’ என வழங்கும் மகிழமரம் ‘மிமுசோப்சு எலெங்கி’ என்னும் அறிவியற்பெயர் பெற்றது இவ்வாறே.

இதனால் யாம் துணிவது ஒன்றுண்டு. உரைகளில் ‘ஒரு மரம்’ என்னும் அளவில் நிற்கும் சங்கநூற் பெயர்களையும் அவ்வந் நிலத்து மக்களிடம் வினவியே தெளிதல் வேண்டும். அவர்தம் வழக்கு மறையுமாயின் நூற்பெயர் பொருளிழந்து நிற்கும்.