பெட்டிக்குள் இருந்த தமிழ்

2012இல் ஊரிலிருந்து மருமகள் அனுப்பிய தமிழ்ச் செய்தி என் கைத்தொலைபேசியில் (எங்கட வாயில் நாட்டெல்) வெறும் பெட்டி பெட்டியாக வந்தது. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதை இரண்டு நாள் கழித்துத்தான் அறிந்தேன்.

குறை பதிப்பில் இருந்தது. கூகிளின் அன்ட்ரொயிட் மென்பொருளோடு முதல் போன் 2008இல் விற்பனைக்கு வந்தது. பிறகு பதிப்புகளுக்கு இனிப்புப் பலகாரங்களின் பெயர், ஆங்கில அரிச்சுவடி வரிசையில். என்னுடையது 2010 கடைசியில் வெளியான 2.3, ஜிஞ்சர்பிரட். அதில் தமிழ் எழுத்துரு இல்லை. புதிய பதிப்பை ஏற்றலாமே என்பீர்கள். கூகிள் பதிப்பை எழுதினாலும் அதைத் தன் போனுக்கு ஏற்றபடி மாற்றி அனுப்பவேண்டியது போனைச் செய்த கம்பனி. அது கைவிட்டால் போன் அப்படியே நிற்கும். என்னுடையதும் நின்றது.

2013இல் வந்த 4.4க்குப் பெயர் கிட்கட். இங்கே வெவேயில் தலைமையகம் உள்ள நெஸ்லேயின் சொக்கிலேற்! பிள்ளைகளுக்கு ஒரே புளுகம். எனக்குப் புளுகம் 2014இல். 5.0 லொலிபொப்பில் போன் முழுவதையும் தமிழிலேயே வைத்திருக்கலாம் என்றானது. சிங்களமும் அதே பதிப்பில்தான் சேர்ந்தது. ஊரில் சிங்களம் அரசகரும மொழியானது 1956இல். தமிழும் அரசகரும மொழி என்று 13ஆம் திருத்தம் சொன்னது 1987இல். 31 வருட இடைவெளி. போனில் இரண்டுக்கும் ஒரே நாள்.

புதுப்போன் வாங்கியதும் பழையதிலிருந்த செய்திகளை மகன் அதற்கு மாற்றித் தந்தான். பெட்டிகள் தமிழாய் விரிந்தன: "அம்மம்மாக்குச் சுகமில்லை மாமா, உடன எடுங்கோ."